ஒன்பது சென்டி ஏறிய வீடு

அஞ்சலாட்சியின் வேலை அசையாமல் நிற்பது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, பத்து நிமிஷம் நின்று பாருங்கள் என்பார்.

ரோடு போடுகிற இடத்தில் தெருவின் நடுவே முக்காலியில் ஒரு கருவி இருக்கும். அதில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இன்ஜினியர் நிற்பார். எதிரே, எந்த இடத்தின் உயரம் தெரிய வேண்டுமோ அந்த இடத்தில், எண்கள் அச்சடித்த நாலு மீட்டர் அலுமினியக் கோலை ஊன்றி நேராகப் பிடித்துக்கொண்டு அஞ்சலாட்சி நிற்பார். பின்னால் டிப்பர் ஹாரன் அடிக்கும். ஸ்கூட்டர்காரர் தள்ளி நிற்கச் சொல்வார். நாய் வந்து காலை மோந்து பார்க்கும். கோல் சாயக் கூடாது. கோல் சாய்ந்தால் எண் மாறும். எண் மாறினால் ரோட்டின் உயரம் மாறும். அப்புறம் மழைத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாமல் யாராவது ஒருவர் வீட்டு அடுப்படிக்குப் போகும்.

நாற்பத்தாறு வயது. கருவடிக்குப்பத்தில் ஒரு குறுக்குத் தெருவில் வீடு. கணவர் கன்னியப்பன் சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். அஞ்சலாட்சி ரோட்டு வேலைக்கு வந்தது சித்தாளாக. முதலில் ஜல்லி சுமந்தார். பிறகு தார் போடுகிறவர்களோடு சேர்ந்து, முழங்கால் வரை சாக்கைச் சுற்றிக்கொண்டு சூட்டில் நடந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கதிர்காமத்தில் ஒரு வேலை நடந்தபோது, கோல் பிடிக்கிற ஆள் மச்சான் கல்யாணம் என்று வரவில்லை. கொஞ்ச நேரம் நீ பிடிம்மா என்று இவர் கையில் கொடுத்தார்கள். மத்தியானம் வரைக்கும் இன்ஜினியர் ஒரு தடவைகூட நேராகப் பிடிக்கச் சொல்லிக் கத்தவில்லை. மறுநாளும் கோல் இவர் கைக்கே வந்தது. மச்சான் கல்யாணத்துக்குப் போனவர் திரும்பி வந்து ஜல்லி சுமந்தார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. காதில் விழுந்த எண் மனதை விட்டுப் போகாது. கேஸ் புத்தக எண், பழைய வீட்டு மீட்டர் எண், தங்கச்சி கல்யாண மண்டபத்தின் போன் எண் எல்லாம் அப்படியே இருக்கும். இன்ஜினியர்கள் நோட்டில் எழுதுவதற்காக உரக்கச் சொல்கிற அளவுகளும் அப்படியே தங்கிவிடும். இதனால் வீட்டில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று கன்னியப்பன் சொல்வது வழக்கம். போன செப்டம்பர் வரைக்கும் அது உண்மையாகத்தான் இருந்தது.

அவர் குடியிருக்கும் தெருவின் கதை புதுச்சேரியில் பல தெருக்களின் கதை. இருபது வருஷத்தில் ஆறு தடவை அங்கே ரோடு போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டின் தலை மேலேயே போட்டார்கள். கன்னியப்பன் வீடு கட்டியபோது ரோட்டிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே போக வேண்டும். நாலாவது ரோட்டுக்கு அப்புறம் படியே இல்லை. ஆறாவது ரோட்டுக்கு அப்புறம் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருந்தது. நவம்பர் மழையில் ஒரு நாள் காலி சிலிண்டர் மிதந்து போய் பீரோவில் முட்டிக்கொண்டு நின்றது. ஊருக்கெல்லாம் ரோட்டு மட்டம் பிடிக்கிற உன் வீட்டுக்கே இந்தக் கதியா என்று எதிர்வீட்டு மணியம்மாள் கேட்டார். மணியம்மாளின் வாசப்படி இவருடையதை விட நாலு விரல் தாழ்வு. அவர் கேட்டபோதும் தண்ணீரில் நின்றுகொண்டுதான் கேட்டார்.

போன வருஷம் வந்த திட்டம் வேறு. பழைய ரோட்டை அடியோடு தோண்டி எடுத்துவிட்டு, கீழேயிருந்து புதிதாகப் போட வேண்டும். வாசப்படிகள் மறுபடியும் ரோட்டுக்கு மேலே வரும். வேலையை எடுத்த ஒப்பந்தக்காரரிடம்தான் அஞ்சலாட்சி கோல் பிடிக்கிறார். தெரு நம்பவில்லை. தோண்டுகிற ஜே.சி.பி. வந்த அன்றைக்கு மணியம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அதன் வாய்க்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னும் பத்துப் பேர் பின்னால் நின்றார்கள். இன்ஜினியர் சிவசங்கரி வரைபடத்தை விரித்துக் காட்டினார். யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் அஞ்சலாட்சி போய் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"இந்தத் தடவ ரோடு நம்ம வாசப்படிக்கு மேல வராது. நாந்தான் கோல் புடிக்கிறேன். வந்துதுன்னா என் வீட்டு வாசல்ல வந்து நின்னு கேளு."

மணியம்மாள் யோசித்தார். நாற்காலியை மடக்க முடியாது, அதனால் தூக்கிக்கொண்டு போனார். வாக்குக் கொடுத்தாயிற்று. அன்றிலிருந்து அந்த ரோடு ஒப்பந்தக்காரருடையது இல்லை, அஞ்சலாட்சியுடையது.

ஒருவர் மட்டும் அந்த வாக்கையும் நம்பவில்லை. தெருமுனை வீட்டுக்காரர் தேவதாஸ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்து பென்ஷனோடு வந்தவர். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தா, அதனால் அவர் வீட்டுக்குச் சொல்தா வீடு என்று பெயர். ரோடு ஏறித்தான் பார்த்திருக்கிறேன், இறங்கிப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டையே ஜாக்கி வைத்து மூன்று அடி தூக்க ஏற்பாடு செய்தார். கமலக்கண்ணன் மேஸ்திரி பதினாறு ஆட்களோடு வந்து வீட்டைச் சுற்றி மண்ணை வெட்டி எடுத்து, சுவருக்குக் கீழே தொண்ணூற்றாறு திருகு ஜாக்கிகளை வரிசையாக வைத்தார். ஆளுக்கு ஆறு ஜாக்கி, மேஸ்திரி விசில் அடித்தால் ஒவ்வொருவரும் தன் ஆறையும் அடுத்தடுத்து அரைச் சுற்று திருக வேண்டும். ஒரு விசிலுக்கு வீடு மூன்று மில்லிமீட்டர் எழும்பும். ஒரு மூலை முந்தினாலும் சுவர் விரிசல் விடும். வீட்டுக்குள்ளே அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் அடுக்கினபடியே இருக்கும், ஒன்றுகூடச் சரியாது. அஞ்சலாட்சி ஜாக்கி வைப்பதை நின்று வேடிக்கை பார்த்து, மேஸ்திரி விளக்கியதையும் கேட்டுவிட்டு, இவர்களும் நம்ம மாதிரிதான், ஆடாமல் இருப்பதுதான் வேலை என்று கன்னியப்பனிடம் சொன்னார்.

இங்கே ஒரு விஷயம். ரோட்டு வேலையில் எல்லா உயரத்தையும் ஒரு குறியிலிருந்து கணக்கிடுவார்கள். அசையாத ஓரிடத்தில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு, இதன் உயரம் இவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்தத் தெருவுக்கு ஜூன் மாதமே இரண்டு குறிகள் போட்டிருந்தார்கள். ஒன்று வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில். இன்னொன்று சொல்தா வீட்டின் பேஸ்மட்ட மூலையில் நீட்டிக்கொண்டிருந்த கல்லில். வியாழக்கிழமை தோண்டி முடித்துத் திரும்பிய ஜே.சி.பி. பாலத்துச் சுவரை இடித்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு குறி. வெள்ளிக்கிழமை ரோட்டு வேலைக்காரர்கள் எல்லோரும் கதிர்காமத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் சிவசங்கரி வந்து கருவியை நிறுத்தினார். வானம் மூடிக்கொண்டிருந்தது. செப்டம்பர் கடைசி. மழைக்கு முன்னால் அடித்தளத்து ஜல்லிக் கலவையைப் போட்டு உருட்டிவிட வேண்டும் என்று ஒப்பந்தக்கார முதலாளி இரண்டு தடவை போன் செய்திருந்தார். எட்டு மணிக்கு டிப்பர்கள் வந்துவிடும். சொல்தா வீட்டைச் சுற்றிப் பச்சை வலை கட்டியிருந்தது, கீழே ஜாக்கிகள் தெரிந்தன. சிவசங்கரி எதையும் கேட்காமல் விடுகிறவர் இல்லை. தேவதாஸைக் கூப்பிட்டு, தூக்க ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டார். அவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து, இல்லை மேடம், வேலை திங்கட்கிழமைதான் என்றார். கமலக்கண்ணன் மேஸ்திரியும் ஆமாம், திங்கட்கிழமைதான் என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அஞ்சலாட்சி சிவப்புக் கோட்டின் மேல் கோலை வைத்தார். வழக்கமாக அந்தக் கல்லுக்குக் கொஞ்சம் குனிய வேண்டும். அன்றைக்குக் குனிவு குறைவாகத் தெரிந்தது. சுற்றிலும் மண்ணை வெட்டி எடுத்துவிட்டதால் நிற்கிற இடம் மாறிப்போயிற்று, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

அங்கிருந்து கணக்குப் போட்டுத் தெரு நெடுகப் பத்து மீட்டருக்கு ஒரு ஜோடி இரும்புக் கம்பி அடித்து, ஜல்லி எந்த உயரம் வர வேண்டுமோ அந்த உயரத்தில் நைலான் கயிறு கட்டினார்கள். மொத்தம் முப்பத்தெட்டுக் கம்பி. எட்டேகாலுக்கு முதல் டிப்பர் வந்து மேற்கு முனையில் கொட்டியது. இரண்டாவதும் கொட்டியது. ரோலர்காரர் வெற்றிலை மடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்பதரைக்கு டீ வந்தது.

டீ டம்ளரோடு அஞ்சலாட்சி தன் வாசலில் உட்காரப் போனார். உட்காருமுன் கயிற்றைப் பார்த்தார். தெரு முழுக்கத் தோண்டிக் கிடந்ததால் எல்லாமே பள்ளமாகத்தான் தெரியும், கயிறு உயரமா தாழ்வா என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் அவர் வாசப்படிக்கு ஒரு கணக்கு இருந்தது. படியிலிருந்து கயிறு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் தார் நாலு விரல் வரும், அப்போதும் ரோடு படிக்கு அரைச் சாணுக்கு மேல் தாழ்ந்திருக்கும். இதைச் சிவசங்கரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தெருவில் எல்லோருக்கும் கையை விரித்துக் காட்டியிருந்தார். இப்போது கையை விரித்து வைத்தார். சாண் உள்ளே போகவில்லை. சுண்டுவிரல் பக்கம் பாதிக் கை வெளியே நின்றது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் மணியம்மாள் படியில் கையை வைத்துப் பார்த்தார். அங்கே இன்னும் மோசம். தார் போட்டால் ரோடு மணியம்மாள் படிக்கு மேலே போய்விடும்.

மணியம்மாள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன அளக்கிறாய் என்று கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"எறங்கும் எறங்கும்னு சொன்னியேடி. நாற்காலிய எடுத்துக்குனு வரட்டுமா?"

அஞ்சலாட்சி கோலை எடுத்துக்கொண்டு வந்து தன் வாசப்படியில் நிறுத்தினார். தெருக்கோடியில் இருந்த சிவசங்கரியைக் கூப்பிட்டு, இதை ஒரு தடவை படியுங்கள் என்றார். அவர் படித்தார். சிவப்புக் குறி இந்தப் படியைவிட எவ்வளவு உயரம் என்று அஞ்சலாட்சி கேட்டார். ஐம்பத்தொரு சென்டி.

"ஜூன்ல நாப்பத்திரெண்டு மேடம்," என்றார் அஞ்சலாட்சி.

சிவசங்கரி நோட்டைப் புரட்டினார். ஜூன் பதினேழு. நாற்பத்திரண்டு. அவர் முகம் மாறியது. படியும் ஜூன் மாதத்துப் படிதான், குறியும் ஜூன் மாதத்துக் குறிதான். மூன்று மாதத்தில் நடுவில் எப்படி ஒன்பது சென்டி வந்தது?

"ஒண்ணு என் வீடு எறங்கியிருக்கணும். இல்லன்னா சொல்தா வீடு ஏறியிருக்கணும். என் வீடு எறங்கல மேடம், காலையிலகூட கதவு நல்லாத்தான் தொறந்துது."

மறுபடி தேவதாஸிடம் போனார்கள். அவர் இப்போது குளித்துத் திருநீறு பூசியிருந்தார். திங்கட்கிழமை என்று அப்போதே சொன்னேனே என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. ஆட்கள்கூட இன்னும் வரவில்லை, பாருங்கள் என்று காட்டினார். உண்மைதான், பச்சை வலைக்குள் மேஸ்திரியைத் தவிர யாரும் இல்லை. அப்படியானால் தப்பு தன்னுடையதுதான் என்று சிவசங்கரிக்குத் தோன்றிவிட்டது. கருவி சரியில்லையா, ஜூனிலேயே தப்பாக எழுதியதா, இன்று தப்பாகப் படித்ததா. இரண்டாவது குறி இருந்திருந்தால் முடித்தவுடன் அதில் சரிபார்த்திருப்பார். அது உடைந்து கிடந்தது. வேறு குறியைத் தேடிப் போகாமல் வேலையைத் தொடங்கியது அவர்தான்.

முதலாளியின் போன் வந்தது. இன்னும் ஆறு டிப்பர் கிளம்பி வழியில் இருக்கிறது. மழை வருகிறது. ஜல்லியைக் கொட்டி உருட்டுங்கள், ஏதாவது இருந்தால் தார் போடும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றார். ஒன்பது சென்டியைத் தாரில் சரிக்கட்ட முடியாது என்று அவருக்கும் தெரியும், சிவசங்கரிக்கும் தெரியும். ஆனாலும் போனில் அப்படித்தான் பேசுவார்கள். சிவசங்கரி போனைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார். பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். மணியம்மாள் நிஜமாகவே நாற்காலியோடு வந்திருந்தார், ஆனால் இன்னும் போடவில்லை.

அஞ்சலாட்சி கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"மேடம், நீங்க நாளைக்கு வேற தெருவுக்குப் போயிடுவீங்க. நான் இங்கதான் தூங்குவேன்."

சிவசங்கரி போனில், அரை மணி நேரம் கொடுங்கள் சார், உயரம் தப்பாக இருக்கிறது என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் கட் செய்தார். டிப்பர்களை மெயின் ரோட்டு ஓரத்தில் நிறுத்தச் சொன்னார். ரோலர்காரர் இரண்டாவது வெற்றிலையை எடுத்தார்.

மெயின் ரோட்டில் தண்ணீர்த் தொட்டித் தூணில் பழைய குறி ஒன்று இருக்கிறது. இங்கிருந்து அரைக் கிலோமீட்டர். அங்கிருந்து உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். முன்னால் கோல், நடுவில் கருவி, பின்னால் கோல். கருவியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடம், மறுபடி கோல். ஏழு இடம். சும்மா நாளில் ஒன்றரை மணி நேர வேலை. அன்றைக்குத் தெருவே கூட வந்தது. ஒருவர் குடையோடு வந்து கருவிக்கு நிழல் பிடித்தார். வெயிலே இல்லை என்று சொன்னாலும் கேட்கவில்லை. பால்காரர் இரண்டு கையையும் விரித்து நின்று ஸ்கூட்டர்களை மறித்தார். மளிகைக் கடை வாசலில் கோலை ஊன்றியபோது கடைக்காரர் மூட்டைகளை நகர்த்திக்கொடுத்தார். நாலாவது இடத்தில் ஒரு டவுன் பஸ் அஞ்சலாட்சியின் தோளை உரசுகிற மாதிரிப் போயிற்று. கோல் அசையவில்லை. பஸ் ஜன்னலில் இருந்து ஒரு அம்மா, இன்னாத்துக்கு கம்பம் மாதிரி நிக்கிறே என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறாவது இடத்தில் நாலு தூறல் விழுந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். தூறல் நின்றுவிட்டது.

நாற்பது நிமிஷத்தில் சொல்தா வீட்டுச் சிவப்புக் கோட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். சிவசங்கரி கடைசி எண்ணைப் படித்து, நோட்டில் கூட்டிக் கழித்து, இன்னொரு தடவை கூட்டிக் கழித்தார். கருவி சரி. ஜூன் கணக்கு சரி. அவர் படித்ததும் சரி. அந்தச் சிவப்புக் கோடு இருக்க வேண்டிய இடத்தைவிட ஒன்பது சென்டி மேலே இருந்தது.

"வீடு ஏறியிருக்குது," என்றார் சிவசங்கரி.

தேவதாஸ் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு ஜாக்கியைப் பார்த்தார். பேசியது மணியம்மாள். நாற்காலி இன்னும் கையில்தான் இருந்தது.

"வெள்ளிக்கெழம எல்லாரும் சேந்து சுத்தினோமே, அது?"

பிறகு எல்லாம் வெளியே வந்தது. தேவதாஸின் தங்கை குடும்பம் பாரிஸிலிருந்து லீவுக்கு வந்திருந்தது, பதினொரு பேர். சனிக்கிழமை ராத்திரி அவர்களுக்கு விமானம். திங்கட்கிழமை வீடு எழும்புவதைப் பார்க்க முடியாது என்று தங்கை குறைப்பட்டார். வெள்ளிக்கிழமை காலையில் நல்ல நேரம் இருந்தது. ஜாக்கிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, ஆளுக்கு ஒரு விசிலுக்கு மட்டும் திருகி நாள் செய்துவிடலாம் என்று முடிவானது. மேஸ்திரியின் ஆட்கள் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்க, உறவுக்காரர்கள் கம்பியைப் பிடித்தார்கள். முதல் விசிலுக்கு எல்லோரும் கைதட்டினார்கள். திருகாதவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பாரிஸ் மாப்பிள்ளை வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததால் அவருக்காக இன்னொரு தடவை. அக்கம்பக்கத்துக்காரர்களையும் கூப்பிட்டார்கள். மணியம்மாள் நாலு விசிலுக்குத் திருகினார், தோள் வலித்ததாக அவரே ஒப்புக்கொண்டார். பந்தி போடும்வரைக்கும் விசில் அடித்துக்கொண்டே இருந்தது. மேஸ்திரி எண்ணவில்லை. தங்கையின் பேத்தி எண்ணியிருக்கிறாள், பிரெஞ்சில். முப்பது விசில்.

முப்பது விசில், விசிலுக்கு மூன்று மில்லிமீட்டர். தெருவில் எல்லோரும் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தார்கள்.

காலையில் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று சிவசங்கரி கேட்டார். தேவதாஸ் உண்மையிலேயே குழம்பிப்போனார்.

"நீங்க வேல ஆரம்பிச்சாச்சான்னுதானே கேட்டீங்க. அது வேல இல்ல மேடம். அது விசேஷம்."

முதலில் சிரித்தது ரோலர்காரர். அப்புறம் சிவசங்கரி. அவர் காலையிலிருந்து சிரிக்காததையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். அஞ்சலாட்சி மட்டும் சிரிக்காமல், ஒன்பது சென்டியைக் கழித்துக் கயிற்றை இறக்கலாமா மேடம் என்று கேட்டார்.

முப்பத்தெட்டுக் கம்பியிலும் கயிறு இறங்கியது. ஒவ்வொரு கம்பிக்கும் கோல் பிடித்துச் சரிபார்த்தார்கள், இந்தத் தடவை தண்ணீர்த் தொட்டிக் கணக்கிலிருந்து. மேற்கு முனையில் கொட்டிய இரண்டு லோடில் மிகுந்ததை ஜே.சி.பி. வாரிக்கொண்டு வந்து அடுத்த பள்ளத்தில் போட்டது, ஒன்றும் வீணாகவில்லை. தேவதாஸ் ஒரு கூடை நிறைய நீட்டு ரொட்டியும் ஆம்லெட்டும் வாங்கி வரச் செய்து, வேலை செய்தவர்களுக்கெல்லாம் தன் கையால் பிய்த்துக் கொடுத்தார். டிப்பர் டிரைவர்களுக்கும் கொடுத்தார். முதலாளி பன்னிரண்டு மணிக்குக் கோபமாக வந்தார். சிவசங்கரி நடந்ததை மறைக்காமல் சொன்னார், தான் இரண்டாவது குறி பார்க்காமல் தொடங்கியதையும் சேர்த்து. அவர் கேட்டுக்கொண்டே ரொட்டியைத் தின்றார். இப்போதே தெரிந்தது நல்லது, தார் போட்ட பிறகு தெரிந்திருந்தால் நான் இந்தத் தெருவுக்குள் வரவே முடியாது என்றார். மணியம்மாள் நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டார்.

மழை சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது. அதற்குள் ரோலர் நாலு தடவை போய் வந்திருந்தது.

பத்து நாள் கழித்துத் தார் போட்டார்கள். அன்றைக்கும் அஞ்சலாட்சி தெருமுழுக்கக் கோல் பிடித்தார். ஆனால் தெரு நம்பியது அப்போது இல்லை. நவம்பர் இரண்டாவது வாரத்தில், காலையில் தொடங்கி மத்தியானம் வரை விடாமல் கொட்டிய மழையில்தான் நம்பியது. பள்ளிக்கூடம் லீவு, கன்னியப்பனுக்கும் ஷிப்ட் இல்லை. எல்லோரும் அவரவர் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்தார்கள். தண்ணீர் நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் வழிந்து, ஓரத்திலேயே ஓடி, வாய்க்காலுக்குள் விழுந்தது. அஞ்சலாட்சியின் வாசப்படியில் காலையில் போட்ட கோலம் சாரலில் கொஞ்சம் கலைந்தது, அவ்வளவுதான். மணியம்மாள் முன்னெச்சரிக்கையாக நாலு மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு அதில் ஒன்றை இழுத்துத் தள்ளிவிட்டு, படியில் உட்கார்ந்து, காலைக் கீழே ரோட்டில் வைத்தார். பாதம் படிக்குக் கீழே இருந்தது. பத்து வருஷமாக அந்தப் படியில் உட்கார்ந்து அவர் காலைக் கீழே வைத்ததில்லை. எதிரே நின்ற அஞ்சலாட்சியைப் பார்த்து, ஏன்டி, கொஞ்சம் அதிகமா எறக்கிட்டியோ, எனக்கு இப்ப ஏறி எறங்கினா முட்டி வலிக்குது என்றார்.

தேவதாஸ் வீட்டை முழு மூன்று அடியும் தூக்கித்தான் நிறுத்தினார். நாள் செய்தாயிற்று, பாரிஸுக்கு வீடியோ போயாயிற்று, பாதியில் நிறுத்த மனசு வரவில்லை. வீடு ஏறியது, ரோடு இறங்கியது. இப்போது அவர் வாசலுக்கு எட்டுப் படி. மேல் படியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரிகிறது, தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிகிறது என்று சொல்லிக்கொள்கிறார். பேப்பர் போடுகிறவர் எட்டுப் படி ஏறுவதில்லை, கீழேயிருந்து எறிகிறார்.

தெருவுக்குப் புதுக் குறி ஒன்று போட வேண்டியிருந்தது. சிவசங்கரி பெயிண்ட் டப்பாவோடு வந்து எங்கே போடலாம் என்று சுற்றிப் பார்த்தார். அஞ்சலாட்சி தன் வாசப்படியைக் காட்டினார்.

"இங்க போடுங்க மேடம். ஜாக்கி வெச்சுத் தூக்க எங்களுக்கு இனிமே அவசியம் இல்ல."

சிவப்புக் கோடு அந்தப் படியின் வலது ஓரத்தில் இருக்கிறது. கோலம் போடும்போது அதைச் சுற்றி வளைத்துப் போடுகிறார், கோட்டின் மேல் மாவு படாமல்.

ஜனவரியில் வேறொரு பேட்டையில் அடுத்த வேலை. சிவசங்கரிதான் இன்ஜினியர். குறி போட ஒரு மாடி வீட்டுப் பேஸ்மட்டம் பார்த்தார்கள், நல்ல கெட்டியான கருங்கல். அஞ்சலாட்சி கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மண் வெட்டியிருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. வீட்டுக்கார அம்மா வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா. இந்த ஒரு மாசத்துல வீட்டுல ஏதாச்சும் விசேஷம் வெச்சீங்களா?"